இல்லாததற்கும் கொஞ்சம் கம்மி

"உங்க ரத்தத்துல மருந்தே இல்லம்மா," என்றார் கிட்னி டாக்டர்.

"நல்லாப் பாருங்க டாக்டர். எங்கயாவது ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"ஓரம் கீரம் எல்லாம் பாத்தாச்சு. பூஜ்யம்."

"காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒரு வேளை விட்டதில்ல. நம்பிக்கை இல்லேன்னா இவரைக் கேளுங்க."

இவர் என்பது பக்கத்து நாற்காலியில் மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன். அதே ஆஸ்பத்திரியின் லேபில் ஸ்டோர் பார்ப்பவர். கையுறை, ஊசி, குப்பி எது வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வரவேண்டும்.

"கண்ணால பாக்கறேன் டாக்டர். தொண்டையைத் தாண்டி இறங்கறவரைக்கும் பாக்கறேன்," என்றார் ஸ்டோர்க்காரர்.

மூன்றாவது நாற்காலியில் அக்கா. தன் இரண்டு கிட்னியில் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தவள். கொடுத்துவிட்டதாக அவள் நினைக்கவே இல்லை. தங்கை வீட்டில் தங்கவைத்திருப்பதாகத்தான் நினைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னுது எப்படிடி இருக்கு?" என்பாள். அதற்கப்புறம்தான் "நீ எப்படி இருக்கே?"

"பூஜ்யமா?" என்று அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! மாத்திரையை ஜன்னல் வழியா வீசறியா? சின்ன வயசுல கஷாயத்தைச் செடிக்கு ஊத்தினவதானே நீ?"

"அக்கா, சும்மா இரு."

"ஏன் டாக்டர், அந்த மாத்திரை இல்லேன்னா என்ன ஆகும்?"

"இவங்க உடம்பு அந்தக் கிட்னியை அந்நியம்னு கண்டுபிடிச்சுச் சண்டைக்குப் போகும். சண்டை போடற சக்தியை அடக்கி வைக்கத்தான் இந்த மருந்து."

"அந்நியமா? நாங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க!"

"உடம்புக்குச் சொந்தபந்தம் தெரியாதும்மா." டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். "வேளைக்கு மூணா ஆக்கறேன். அடுத்த தடவையும் பூஜ்யம்னா, வீட்டுல விட்டு வைக்க முடியாது. அட்மிட் பண்ணி, நரம்பு வழியா பெரிய டோஸா ஏத்திடுவேன். அது லேசுப்பட்ட விஷயம் இல்ல. ஆனா ஏத்தலேன்னா கிட்னி போயிடும்."

"போயிடுமா? எங்க போகும்? அது என்னுது!" என்றாள் அக்கா.

ஸ்டோர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முழுங்குகிறாள் என்று அவருக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதை டாக்டரிடம் சொல்லவும் முடியவில்லை. ஏனென்றால் அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதையே முறைத்தாள்.

"டபக்குனு முழுங்கு. சும்மா ஒரு மாத்திரை," என்றார் இவர்.

"சும்மாவா? இது மாத்திரையா, சோப்புக் கட்டியா? சாகறவரைக்கும் ரெண்டு வேளை. எனக்கு மட்டும்தான் இந்தத் தலையெழுத்தா? சும்மான்னு சொல்ற ஆளு முழுங்குங்களேன் பாப்போம்."

பெண்டாட்டி "பாப்போம்" என்று சொன்ன பிறகு பின்வாங்கிய ஆம்பளை உண்டா? முழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆறுதல். தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதலில் அவர், பிறகு அவள். அவர் முழுங்காமல் அவள் வாயைத் திறக்கமாட்டாள். ஒரே சீட்டைக் காட்டி இரண்டு மருந்துக்கடையில் வாங்குவார். இதையெல்லாம் டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

லேபில் ஸ்டோர்க்காரருக்குச் "சுத்தம்" என்று பேர். அது வெறும் கிண்டல் பேர் இல்லை, ஒரு பதவி. நோயாளியின் ரத்தத்தைக் குழாயில் போட்டுச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும், மேலே இளமஞ்சளாகத் தெளியும். அதுதான் பிளாஸ்மா. அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் சொல்லவேண்டுமானால், முதலில் மெஷினுக்குப் பாடம் நடத்தவேண்டும். மருந்தே படாத வெறும் பிளாஸ்மாவில் கொஞ்சம் மருந்தைக் கலந்து "இது கொஞ்சம்", நிறையக் கலந்து "இது நிறைய" என்று காட்டிக்கொடுக்கவேண்டும். அந்த வெறும் பிளாஸ்மாவுக்கு பிளாங்க் என்று பேர். அதற்கு ஆள் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. லேபில் ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்குப் பிரஷர், ஒருத்தருக்குத் தைராய்டு. லேப் ஹெட்டின் மேஜையில் பேனாக்களைவிட மாத்திரை அட்டைகள் அதிகம். பிறந்ததிலிருந்து தலைவலி மாத்திரைகூடத் தொடாத ஒரே ஆள் ஸ்டோர்க்காரர்தான்.

"ஊர்ல யாருக்கு எவ்வளவு மருந்துன்னாலும் கணக்கு என்கிட்டேருந்துதான் ஆரம்பிக்குது," என்று அவர் கேண்டீனில் சொல்லிக்கொள்வார். யாரும் மறுக்கமாட்டார்கள்.

முன்பு எப்போதோ எடுத்து உறையவைத்திருந்த அவருடைய பிளாஸ்மா போன மாதம்தான் தீர்ந்தது. புதிதாக எடுத்தார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை எல்லோரும் மெஷினம்மா என்பார்கள். அவர் ஊசியைக் குத்துவதற்கு முன்னால் வழக்கப்படி கேட்டார்.

"மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?"

"நானா?" என்று ஸ்டோர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுவது என்றால் நோயாளி சாப்பிடுவது. துக்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவனைச் செத்தவன் என்று யாராவது சொல்வார்களா? அவர் துணைக்கு முழுங்குகிறார். அது அவளுடைய மாத்திரை.

டாக்டர் பூஜ்யம் என்று சொன்ன மறுநாள், கையுறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மெஷின் ரூமுக்குள் நுழைந்தபோது மெஷினம்மாவும் லேப் ஹெட்டும் திரையின் முன்னால் நின்றிருந்தார்கள்.

"இன்னிக்கும் பிளாங்க்ல பீக் வருது சார்," என்றார் மெஷினம்மா. "நேர்கோடா வரவேண்டிய எடத்துல மலை மாதிரி நிக்குது பாருங்க."

"யாரோட பிளாஸ்மா?"

"நம்ம சுத்தத்தோடதுதான்."

"அப்போ பிளாஸ்மாவைப் பத்திப் பேச்சே வேண்டாம். மெஷினைக் கழுவுங்க."

"கழுவிக் கழுவி மெஷின் வெளுத்துப்போச்சு சார். உள்ள இருக்கற குழாயையும் மாத்திட்டேன்."

லேப் ஹெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். "பாட்டில் மேல என்ன ஒட்டியிருக்கு?"

"பிளாங்க்னு."

"பிளாங்க்னா பிளாங்க். அதுல எப்படி மருந்து இருக்கும்? மெஷினுக்கு வயசாச்சு. எனக்கு இருமல் வருதில்ல, அது மாதிரி அதுக்கு இந்த பீக். எப்பவும் போல எல்லா அளவுலேருந்தும் அதைக் கழிச்சிடுங்க."

"கழிச்சதாலதான் சார் நோயாளிங்க அளவெல்லாம் கீழ போகுது. ரெண்டு மூணு பேருக்குப் பூஜ்யமே வந்துடுச்சு."

"அவங்க மாத்திரை சாப்பிடலேன்னு அர்த்தம். அளவு தெரிஞ்ச சாம்பிள் வச்சுச் சரிபாக்கறோமே, அந்தக் கன்ட்ரோல் சரியா வருதா?"

"வருது. ஆனா கன்ட்ரோலும் அதே பிளாஸ்மாவுல நாமளே கலக்கினதுதானே..."

"வருதில்ல? அதோட நிறுத்துங்க."

"என் ரத்தத்து மேல சத்தியம் சார்," என்றார் ஸ்டோர்க்காரர், பெட்டியை இறக்கிவைத்து. "அதுல ஒரு தூசி இருக்காது."

"கேட்டீங்களா?" என்றார் ஹெட்.

அதற்கப்புறம் கிட்னி டாக்டரின் அறைக்கு வெளியே உள்ள வராந்தா பார்க்கச் சகிக்கவில்லை. மாற்று உறுப்பு வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் பொய்க்காரர்கள் ஆகிப்போனார்கள். ஒரு மகன் அப்பாவின் சட்டைப்பையைக் குடைந்து பார்க்கிறான். ஒரு மாமியார், "நான் அப்பவே சொன்னேன், இவ எதையும் சொன்னபடி செய்யமாட்டான்னு," என்கிறாள். இன்னொருத்தர் சாமர்த்தியமாக, "முழுங்கினேன், ஆனா மனசு இல்லாம முழுங்கினேன், அதனால சேரலையோ என்னவோ," என்று ஒத்துக்கொண்டார்.

அக்கா பெட்டி படுக்கையோடு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"இனிமே நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை. என்னுதுக்கு நான்தான் காவல். வாயைத் தொறடி. போடு. குடி. நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம்."

"பல்லையும் எண்ணிக்கோ," என்றாள் தங்கை.

ஆனால் அவள் வாயைத் திறக்கவேண்டுமானால் முதலில் அவர் முழுங்கவேண்டுமே. அக்காவுக்குத் தெரியாமல் அதற்கு ஒரு ஏற்பாடு வந்தது. அக்கா தங்கையின் வாய்க்கு நேராக நிற்பாள். அக்காவின் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலில், ஸ்டோர்க்காரர் நின்று, மூன்று மாத்திரையையும் தூக்கிக் காட்டி, ஒவ்வொன்றாக வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெறும் வாயைத் திறந்து காட்டுவார். அக்காவின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை, அது முடிந்த பிறகுதான் தன் வாயைத் திறப்பாள்.

"என்னடி என் தலைக்கு மேல வெறிச்சுப் பாக்கறே?"

"மாத்திரை இறங்கணும்னு கும்பிடறேன்."

மூன்று மாத்திரை என்ற பிறகு இரண்டு பேர் வயிறும் கெட்டது. வீட்டில் ஒரே ஒரு கக்கூஸ். அவள் வெளியே வந்தால் அவர் உள்ளே, அவர் வந்தால் அவள் உள்ளே. நடுவில் கதவுக்கு வெளியே இரண்டு பேரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பதை அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"அவளுக்காவது மருந்து. உங்களுக்கு என்ன மாப்பிள்ளை?"

"மனசு கேக்கல அக்கா. கவலை."

"கவலை இவ்வளவு வேகமாவா ஓடும்?"

இதற்குள் ஹெட் சந்தேகம் தீர எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டதில் பிளாங்க் மறுபடியும் தீர்ந்தது. சுத்தத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னொரு பை எடுத்தார்கள். அவரும் பெருமையோடு கையை நீட்டினார்.

அடுத்த ரிப்போர்ட்டை டாக்டர் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

"இந்தத் தடவை பூஜ்யம்கூட இல்ல. மைனஸ்ல வந்திருக்கு."

"அப்படீன்னா?" என்றாள் அக்கா.

"மருந்து இல்லேன்னு சொல்ற அளவுக்குக்கூட இல்ல. இல்லாததுக்கும் கொஞ்சம் கம்மி."

"இல்லாததுக்கும் கம்மியா எப்படி டாக்டர் இருக்கும்? எங்க வீட்டுல அரிசி இல்லேன்னா இல்ல. அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"நானும் லேப் ஹெட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேம்மா. மருந்துக்கு ரொம்ப ஏங்கிப்போன ரத்தம் பக்கத்துல இருக்கற மருந்தையும் உறிஞ்சிடுமாம்." டாக்டர் சொல்லிவிட்டுத் தானே ஒரு நிமிஷம் யோசித்தார். "எனக்கும் சரியாப் படல. இன்னொண்ணு. இவங்க வெள்ளை அணு என்னமோ மருந்து ஜாஸ்தியானவங்களுக்கு மாதிரி இறங்கிக்கிட்டே போகுது. வயிறும் போகுது. மருந்தே இல்லாம மருந்தோட தொந்தரவு எல்லாம் வருது. விசித்திரமான உடம்பு. எப்படியும் நான் ரிஸ்க் எடுக்கமுடியாது. திங்கக்கிழமை அட்மிஷன். பெரிய டோஸ்."

வெளியே வந்ததும் அவள் வராந்தாவின் தூண் பக்கம் போய் நின்றுகொண்டாள். அக்கா எதுவோ சொல்ல வாயெடுத்தாள்; தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அது நடக்கிற காரியமே இல்லை, ஆனால் நடந்தது.

"அக்கா என் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா. பாத்தும் நம்பல," என்றாள் அவள் புருஷனிடம். அழவில்லை. "கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை நான் முழுங்கறதாக் கனவு காணறேனோ? நீங்களாவது சொல்லுங்க. நம்பறீங்களா?"

"நான் உன்கூடவே..."

"கூட இருக்கறதைக் கேக்கல. நம்பறீங்களான்னு கேட்டேன்."

அவர் "இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு, பின்படிக்கட்டில் விறுவிறு என்று இறங்கி லேபுக்குப் போனார்.

மெஷினம்மா தனியாக இருந்தார்.

"அம்மா, என் வீட்டுக்காரி பொய் சொல்லமாட்டா. உங்க மெஷின் சொல்லுது. இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. திங்கக்கிழமை அவளுக்குப் பெரிய டோஸ் ஏத்தப்போறாங்க. அதுல ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"உக்காருங்க," என்றார் மெஷினம்மா. "மெஷின் பொய் சொல்லல. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். ஹெட்டுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் உக்காந்திருக்கேன். இங்க பாருங்க. இது பிளாங்க். இந்த மேடு மருந்து. மருந்துத் தூள் ஏதாவது பறந்து வந்து விழுந்திருக்கும்னு நெனச்சேன். ஆனா பக்கத்துல இன்னொரு மேடு இருக்கு, தெரியுதா? இதைவிடப் பெரிசு."

"அது என்ன?"

"மெட்டபாலைட். மருந்தை ஒருத்தர் முழுங்கி, அது வயித்துலேருந்து ஈரலுக்குப் போய், ஈரல் அதை மாத்தி வேற உருவமா வெளிய அனுப்பறது. தூள் விழுந்திருந்தா முதல் மேடு மட்டும்தான் வரும். ரெண்டாவது வரவே வராது. இது ஒரு ஈரல் பாத்த வேலை. மெஷினுக்கு ஈரல் கெடையாது."

"அப்போ யாரோட ஈரல்?"

மெஷினம்மா பிளாஸ்மாப் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இதுல உங்க பேர்தானே ஒட்டியிருக்கு?"

"எனக்கா? நான் தலைவலி மாத்திரைகூட..."

"சத்தியமா ஒரு மாத்திரையும் சாப்பிடல?"

"சத்தியமா. வீட்டுக்காரி மாத்திரையைத் தவிர ஒண்ணும் இல்ல."

மெஷினம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"அது என்னுது இல்லம்மா. அவளோடது. தனியா முழுங்கமாட்டேன்னா. அதனால நானும் கூட..."

"எத்தனை?"

"அவ எத்தனையோ அத்தனை."

மெஷினம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அட கடவுளே! அப்போ நான் இத்தனை நாளா உங்க வீட்டம்மா ரத்தத்துலேருந்து உங்க ரத்தத்தைக் கழிச்சிக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரே அளவு முழுங்கினா..."

"பூஜ்யம்," என்றார் ஸ்டோர்க்காரர்.

"அவங்களைவிட உங்க உடம்புல கொஞ்சம் அதிகமாத் தங்கினா..."

"இல்லாததுக்கும் கம்மி."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அளவு இல்லை என்று டாக்டர் டோஸை ஏற்ற, டாக்டர் ஏற்றினார் என்று அவளும், அவளுக்காக அவரும், அவரால் மறுபடி அளவு இல்லாமலும்... இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஊரில் உள்ள மாத்திரையெல்லாம் அந்த ஒரு வீட்டுக்குள் போயிருக்கும். ரிப்போர்ட்டில் மட்டும் ஒன்றும் இருந்திருக்காது.

ஹெட்டிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சுத்தத்துக்குள்ள மருந்து எப்படி வரும்?" என்று மூன்று தடவை கேட்டார். "இந்த விஷயத்தை வெளிய..."

"வெளிய சொல்லித்தான் ஆகணும் சார்," என்றார் மெஷினம்மா. "எல்லா நோயாளிக்கும் போன் பண்ணணும். அதுக்கு முன்னாடி எனக்கு உடனே ஒரு புது பிளாங்க் வேணும். நெஜமாவே மாத்திரை தொடாத ஆள்."

"அப்படி இந்த ஆஸ்பத்திரியில யாரு இருக்கா?"

"வராந்தாவுல இருக்காங்க. ஒரு மாத்திரையும் தொடாதவங்க," என்றார் ஸ்டோர்க்காரர் மெதுவாக.

அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. கோபப்படத்தான் நேரம் ஆயிற்று.

"அதான் அவ என் தோளுக்கு மேல பாத்துக்கிட்டே நின்னாளா? என் முதுகுக்குப் பின்னாடி கூத்தா அடிச்சீங்க ரெண்டு பேரும்? கவலையாம் கவலை! இந்தாங்க கை. குடுக்கறது எனக்கு என்ன புதுசா? ஏம்மா, இதையாவது திருப்பித் தருவீங்களா?"

"தரமாட்டோம்," என்றார் மெஷினம்மா ஊசியைக் குத்திக்கொண்டே.

"தெரியும். நம்ம கையை விட்டுப் போனா போனதுதான்."

தங்கை புருஷனைத் தூணோரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அந்த அம்மா கேட்டப்போ ஏன் சொல்லல?"

"அது உன் மாத்திரைன்னு நெனச்சேன்."

"நான் முழுங்கினா என்னுது. நீங்க முழுங்கினா?"

"அப்பவும் உன்னுதுதான்னு..."

அவள் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றாள். "நான் ஏதோ வீம்புக்குச் சொன்னேன். ரெண்டு நாள் முழுங்கிட்டு நிறுத்திடுவீங்கன்னு பாத்தேன். இப்படியா ஒரு மனுஷன் நிறுத்தாம முழுங்குவான்?"

அக்காவின் பிளாஸ்மாவில் கோடு நேராக வந்தது. தங்கையின் ரத்தத்தை அதை வைத்து அளந்தார்கள். கையோடு ஸ்டோர்க்காரர் ரத்தத்தையும் அளந்தார்கள். சாயங்காலம் டாக்டர் ரிப்போர்ட்டோடு தானே வராந்தாவுக்கு வந்தார்.

"இருக்கு," என்றார். "வேண்டியதுக்கு மூணு மடங்கு இருக்கு. அட்மிஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டோஸைக் குறைச்சுடலாம். வேளைக்கு ஒண்ணு போதும். கிட்னி நல்லா இருக்கு."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டாக்டர்," என்றாள் அவள். "அக்காவுக்குக் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள் அக்கா.

"பரவாயில்ல. இன்னொரு தடவை சொல்லட்டும். நான் தினமும் மாத்திரை முழுங்கினேன்னு சொல்லட்டும்."

டாக்டர் சொன்னார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். மாமியார் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுதும் பாத்தேன்," என்றார் டாக்டர் ஸ்டோர்க்காரரிடம். "பிரமாதமான அளவு. என் நோயாளிங்க ஒருத்தர்கூட இவ்வளவு ஒழுங்கா எடுத்ததில்ல. இப்ப உங்களுக்கு யாரோட கிட்னி வச்சாலும் ஒட்டிக்கும்."

"என்னைப் பாக்காதீங்க மாப்பிள்ளை," என்றாள் அக்கா. "என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்."

"இன்னியோட நிறுத்திடுங்க. ஒரு மாத்திரைகூடக் கூடாது. அவங்க மட்டும் எடுத்துக்கட்டும்."

ஸ்டோர்க்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தனியாக முழுங்குவாளா? அதுதான் இப்போது அவருடைய பயம்.

மாத்திரை நேரம் ஆகிவிட்டிருந்தது. அவள் வராந்தாக் கோடியில் இருந்த குடிதண்ணீர்க் குழாய்க்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார். அவள் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினாள். அவர் கை பழக்கதோஷத்தில் தானாக நீண்டது.

அவள் அந்தக் கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்தாள். "பிடிங்க," என்றாள். டம்ளரில் தண்ணீர் பிடித்து, யார் முகத்தையும் பார்க்காமல், தன் மாத்திரையை வாயில் போட்டு முழுங்கினாள். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"சோப்புக் கட்டிதான்," என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.